இரண்டு கம்பெனி, ஒரு வீடு

வசுமதி அக்காவுக்கு ஆபீஸிலிருந்து போன் வந்தால் சார் எழுந்து சமையலறைக்கு வந்து குழாயைத் திறப்பார். நான் கழுவிக் கவிழ்த்து வைத்த டம்ளர்களை ஒவ்வொன்றாக எடுத்து மறுபடியும் கழுவுவார். அக்கா பேசி முடித்ததும் குழாயை மூடி, கையைத் துடைத்துக்கொண்டு ஹாலுக்குப் போய்விடுவார். என்னிடம் ஒரு வார்த்தை பேசமாட்டார்.

நான் அந்த வீட்டில் சமையலுக்குச் சேர்ந்த முதல் மாதம், என் கழுவல் அவருக்குப் பிடிக்கவில்லை என்று நினைத்தேன். இரண்டு தடவை சோப்புப் போட்டுத் தேய்த்தேன். அப்படியும் வந்து கழுவினார். கேட்கக் கூச்சம். வேறு வீடு பார்த்துக்கொள்ளலாமா என்றுகூட யோசித்தேன். ஒரு நாள் நான் டம்ளர்களை வெளிச்சத்தில் தூக்கிப் பார்த்துக்கொண்டிருந்ததை அக்கா கவனித்துவிட்டுச் சிரித்தார்.

"அவர் உன் டம்ளரைக் கழுவல சங்கரி. நான் போன்ல பேசறது காதுல விழக்கூடாதுன்னு தண்ணியத் தொறந்து விடறார்."

அது பன்னிரண்டு வருடத்துக்கு முன்னால். சாருக்கு போன் வந்தால் அக்காவும் அப்படித்தான் சமையலறைக்கு வருவார். ஆனால் அவர் எதையும் கழுவமாட்டார். மேடைமேல் ஏறி உட்கார்ந்து, உரித்து வைத்த வேர்க்கடலையோ தேங்காய்ப் பத்தையோ எடுத்துத் தின்றுகொண்டு பேசுவார். அக்காவின் கதை எனக்குத் தெரிந்தது எல்லாம் அப்படித் தெரிந்ததுதான். சாரின் போன் நீளமாகப் போனால் எனக்குக் கதையும் நீளமாகக் கிடைக்கும்.

இரண்டு பேரும் சிறுசேரியில் சிப் செய்யும் கம்பெனிகளில் வேலை பார்க்கிறார்கள். சார் பெயர் ஹரிகிருஷ்ணன். அவருடையது பெரிய கம்பெனி. கம்ப்யூட்டர் தானாகவே படம் பார்த்துப் புரிந்துகொள்கிற வேலைக்கு உலகத்தில் யார் சிப் வாங்கினாலும் அவர்களிடம்தான் முதலில் போவார்களாம். அக்காவுடையது நாற்பது பேர் சேர்ந்து தொடங்கிய சின்னக் கம்பெனி. அதே வேலையைக் கொஞ்சம் மெதுவாக, ஆனால் மிகக் குறைந்த கரண்டில் செய்கிற சிப்பை அவர்கள் செய்துகொண்டிருந்தார்கள். அதாவது ஒருவர் வாடிக்கையை இன்னொருவர் பிடிக்கப் பார்க்கிற இடம். கல்யாணமான வாரமே இரண்டு பேரும் பேசி முடிவு செய்துகொண்டார்களாம்: ஆபீஸ் பேச்சு செருப்பு ஸ்டாண்டைத் தாண்டி உள்ளே வரக்கூடாது. பன்னிரண்டு வருடத்தில் ஒரே ஒரு நாள்தான் அது உள்ளே வந்து நான் பார்த்தேன்.

அக்கா பிறந்தது செங்கல்பட்டுக்குப் பக்கத்தில் ஒரு கோயிலூரில். அவருடைய அப்பா கேசவன் கோயில் அலுவலகத்தில் எழுத்தர். திருவிழாப் பத்திரிகை அச்சுக்குப் போகும் முன் பிழை பார்ப்பது அவர் வேலை. அக்காவுக்குப் பத்து வயதாக இருந்தபோது, இரண்டாயிரம் பத்திரிகை அச்சாகிக் கட்டுக் கட்டாக வீட்டில் வந்து இறங்கியது. ஒன்றை எடுத்துப் படித்த அக்கா, தேரோட்டத்துக்குப் போட்டிருந்த தேதியில் வேறு கிழமை வருகிறதே என்று கேட்டாராம். அச்சகத்தில் தேதி மாறியிருந்தது. அப்பா போய் நாலு பேனா வாங்கி வந்தார். அப்பா, அம்மா, தம்பி, அக்கா என்று நாலு பேரும் மூன்று நாள் உட்கார்ந்து இரண்டாயிரத்தையும் கையால் திருத்தினார்கள்.

"இப்பவும் அதே வேலைதான் சங்கரி. சிப் தைவானுக்கு அச்சாகப் போறதுக்கு முன்னாடி தப்பு கண்டுபிடிக்கணும். போனப்புறம் பேனா வெச்சுத் திருத்த முடியாது."

அந்த ஒரு சிப்பில் ஆறு வருடமாகத் தப்பு தேடிக்கொண்டிருந்தார். எப்போதாவது பெரிதாக ஒன்று அகப்பட்டால் வீட்டுக்கு வரும்போதே முகத்தில் தெரியும். மற்றவர்கள் தப்பு நடந்தால் வாடுவார்கள். அக்கா அன்றைக்கு இரண்டு தோசை கூடச் சாப்பிடுவார். கோயம்புத்தூரில் ஸ்கேன் இயந்திரம் செய்கிறவர்கள் அந்தச் சிப்புக்குக் காத்திருந்தார்கள். கரண்ட் குறைவாக எடுத்தால் சின்ன ஊர் ஆஸ்பத்திரியிலும் வைக்கலாமாம். அவர்களிடமிருந்து போன் வந்தால் மட்டும் அக்காவின் குரல் கொஞ்சம் மாறும். தூங்குகிற குழந்தையைப் பற்றிப் பேசுகிற குரல். அக்காவுக்கும் சாருக்கும் குழந்தை இல்லை. அதைப் பற்றி அக்கா என்னிடம் பேசியதில்லை, நானும் கேட்டதில்லை.

போன வருடம் ஆடி மாதத்தில் செய்தி வந்தது. சாரின் கம்பெனி அக்காவின் கம்பெனியில் பணம் போடப் போகிறது. முழுவதும் வாங்கவில்லை, ஒரு பங்கு. அடுத்த ஆறு மாதச் சம்பளம் எப்படிப் போடுவது என்று தவித்துக்கொண்டிருந்த கம்பெனி. அங்கே கேக் வெட்டினார்கள். அக்கா ஒரு துண்டை டிஷ்யூவில் சுற்றி எனக்குக் கொண்டுவந்தார். ஆனால் முகத்தில் கேக் இல்லை.

அன்றைக்குச் சாயங்காலம் கல்பாக்கத்திலிருந்து அக்காவின் மாமியார் ஜெகதாம்பாள் அம்மா போன் செய்தார். ஸ்பீக்கரில் போட்டார்கள்.

"டீவியில சொன்னான்டீ. ரெண்டும் ஒண்ணாயிடுச்சாமே! இனிமே ஒரே வண்டியில போயிட்டு வாங்க, பெட்ரோலாவது மிச்சமாகும்."

"அத்தை, இனிமேதான் ரெண்டு வண்டி கட்டாயம்" என்றார் அக்கா.

"என்னடீ சொல்றே? சம்பந்தி ஆனப்புறம் என்ன போட்டி?"

"சம்பந்தி ஆனதாலதான் அத்தை பயமா இருக்கு."

சார் சிரித்தார். பிறகு இரண்டு பேரும் சாப்பிட உட்கார்ந்தார்கள். மோர் ஊற்றும்போது நான் பார்த்தேன், சாரின் கை அக்காவின் தட்டுப் பக்கம் போய் ஊறுகாயை வைத்துவிட்டு அங்கேயே கொஞ்ச நேரம் இருந்தது.

இரண்டு நாள் கழித்து சாருக்கு போன் வந்தபோது அக்கா மேடைமேல் ஏறி உட்கார்ந்தார். நான் இறால் உரித்துக்கொண்டிருந்தேன். சம்பந்தி என்றால் ஏன் பயம் என்று கேட்டுவிட்டேன். எனக்கு அது கொஞ்சம் புரிந்த மாதிரியும் இருந்தது. எங்கள் முட்டுக்காட்டில் இறால் எடுக்க இரண்டு வியாபாரிகள் வருவார்கள். ஏலத்தில் பெரியவர் ஒரு விலை சொன்னால் சின்னவர் அதற்குமேல் ஒன்று கத்துவார். ஒரு வருடம் சின்னவரின் வண்டி இன்ஜின் போய்விட்டது. பெரியவர்தான் புது இன்ஜின் வாங்கிக் கொடுத்தார். நல்ல மனுஷன் என்று எல்லாரும் சொன்னோம். அதற்குப் பிறகு சின்னவர் ஏலத்துக்கு வந்தார், நின்றார், ஆனால் கத்தவில்லை. யாரும் அவரைக் கத்தாதே என்று சொல்லவில்லை. என் வீட்டுக்காரர் மணி அந்த வருடம் முழுவதும் இறாலுக்கு விலை கிடைக்காமல் வலையைத் தோளில் போட்டுக்கொண்டு முனகிக்கொண்டே வருவார்.

இதைச் சொன்னதும் அக்கா என் கையிலிருந்த இறாலையே பார்த்துக்கொண்டிருந்தார்.

"ஆமா. அதே பயம்தான். எங்க சிப்ப நிறுத்துன்னு யாரும் சொல்லமாட்டாங்க. ஆள் கொறையும், நாள் தள்ளிப்போகும், அவ்வளவுதான்." பிறகு, "ஆனா அந்தச் சின்ன வியாபாரி இடத்துல நான் இருந்தா கத்திக்கிட்டே இருப்பேன் சங்கரி" என்றார்.

"இன்ஜின் குட்த்தவரு எதிர்லயே நிக்கிறாரேக்கா. வாய் வருமா?"

"வரணும். இல்லன்னா எதுக்கு அங்க நிக்கறது?"

டெல்லியில் இதற்கென்றே ஒரு அரசு அலுவலகம் இருக்கிறதாம். பெரியவர் சின்னவரிடம் பங்கு வாங்கினால் போட்டி செத்துவிடுமா என்று அவர்கள் விசாரிப்பார்கள். அந்த விசாரணை நடக்கும்போதே இரண்டு கம்பெனியிலும் வக்கீல்கள் ஒரு விதி கொண்டுவந்தார்கள். ஒரு கம்பெனியின் ரகசியம் இன்னொன்றுக்குப் போகக்கூடாது. அதனால், எதிர் எதிரான சிப் செய்கிற இரண்டு பிரிவுகளில் கணவனும் மனைவியும் இருக்கக்கூடாது. யாராவது ஒருவர் அந்தப் பிரிவை விட்டுப் போகவேண்டும்.

அக்கா இதை எனக்குச் சொன்னது ஒரு புதன்கிழமை. சார் மாறவில்லை என்றால், வெள்ளிக்கிழமை மதியம் மூன்று மணிக்குள் பிரிவை விட்டு விலகுவதாக அக்கா கையெழுத்துப் போட்டுக் கொடுக்கவேண்டும். போட்டால் அந்த அறைக்கு அவருடைய கார்டு திறக்காது. மூன்று வருடத்துக்குத் திரும்பி வரவும் முடியாது. சிப் தைவானுக்குப் போக இன்னும் ஏழு வாரம்தான் இருந்தது.

"நாங்க வீட்டுல ஆபீஸ் பேசறதே இல்லன்னு எங்க கம்பெனி வக்கீல் அம்மாகிட்ட சொன்னேன். நம்பல. 'பன்னெண்டு வருஷமா புருஷனும் பொண்டாட்டியும் ஆபீஸ் பேசாம என்னதான் பேசினீங்க?'ன்னு கேக்கறாங்க."

"நீங்க இன்னா சொன்னீங்க?"

"கத்திரிக்கா வெல பேசினோம்னு சொன்னேன்."

சிரிக்கிற மாதிரிதான் சொன்னார். ஆனால் வேர்க்கடலைக் கிண்ணத்தில் கை வைத்தபடியே இருந்தார், எடுக்கவில்லை.

"சார மாறிக்க சொல்லலாமேக்கா. அவரு சிப்பு போன வருசமே வந்துச்சுன்னு சொன்னீங்களே."

"கேட்டா செய்வார். அதனாலதான் கேக்கக்கூடாது. அவருக்குக் கீழ ஒன்பது பேர் இருக்காங்க. அந்த எடத்துக்கு வர எத்தனை வருஷம் ஆச்சுன்னு எனக்குத் தெரியும். நான் போட்டுக் குடுத்துடறேன். எங்க ஆளுங்க தப்பு பாத்துக்குவாங்க." அப்படிச் சொல்லிவிட்டு இறங்கி, முதல் தடவையாக அவரே ஒரு டம்ளரை எடுத்துக் கழுவி வைத்தார்.

மறுநாள் வியாழன். அக்கா ஆபீஸ் போய்விட்டார். சார் அன்றைக்கு வீட்டிலிருந்தே வேலை. நான் ஹாலில் உட்கார்ந்து கீரை ஆய்ந்துகொண்டிருந்தேன். சார் தன் நண்பர் பரணிதரனோடு போனில் பேசினார். நான் எட்டாவதோடு நின்றவள், எனக்குப் புரியாது என்று நினைத்திருப்பார். அல்லது நான் இருப்பதையே மறந்திருப்பார். நான் இருக்கிற இடம் பலருக்கு மறந்துபோகும்.

"பிரிவு மாத்தச் சொல்லி திங்கள் எழுதிக் கொடுத்தேன் மச்சான், இன்னைக்கு ஓகே ஆயிடுச்சு. ஆமா, காலேஜ் பசங்களுக்கு ட்ரெயினிங் குடுக்கற பிரிவு. டீம் எல்லாம் இல்ல, நான் மட்டும்தான்... வசுவுக்குத் தெரியாது. சொன்னா வேணாம்பா, சண்டை போடுவா. எல்லாம் முடிஞ்சு பேப்பர் வந்தப்புறம் சொல்லிக்கலாம். அவசரம் இல்ல, மாசக் கடைசி வரைக்கும் டைம் இருக்கு."

கீரைக் காம்பு என் கையில் நின்றுவிட்டது.

மாதக் கடைசி சாரின் கம்பெனி கொடுத்த நாள். அக்காவின் கம்பெனி கொடுத்தது நாளை. இரண்டு பேரும் ஒரே வீட்டில் ஒரே மேசையில் சாப்பிடுகிறார்கள். ஆனால் இரண்டு தேதியும் ஒன்றுதான் என்று சார் நினைத்துக்கொண்டிருந்தார். மற்ற எந்த வீட்டிலும் இந்தத் தப்பு நடந்திருக்காது.

அன்று பஸ்ஸில் வீட்டுக்குப் போகும்போது கோவளம் தாண்டியும் எனக்கு மனசு அடங்கவில்லை. ஹாலில் கேட்டதைச் சமையலறைக்கும், சமையலறையில் கேட்டதை ஹாலுக்கும் நான் கொண்டுபோனதே கிடையாது. அந்த வீட்டில் என்னை வைத்திருப்பதே அதற்காகத்தான் என்று நான் நம்பியிருந்தேன். மணியிடம் கேட்டேன்.

"பெரிய எட்த்து வெவகாரம். நீ இன்னாத்துக்கு வாய வுட்ற?" என்றார். கொஞ்ச நேரம் வலையைத் தைத்துக்கொண்டிருந்துவிட்டு, "அந்தம்மாக்கு அந்த வேல போனா அழுமா?" என்று கேட்டார்.

"அழாது. சாப்டாது."

"அப்ப சொல்லிடு."

வெள்ளிக்கிழமை காலையில் சொல்லலாம் என்று மூன்று தடவை வாயைத் திறந்தேன். முதல் தடவை சார் பக்கத்தில் இருந்தார். இரண்டாவது தடவை அக்கா தலை வாரிக்கொண்டிருந்தார். மூன்றாவது தடவை அக்கா கிளம்பிவிட்டார். கதவு சாத்தியதும் நான் எதையும் எடுக்காமல் படியில் ஓடினேன். லிப்டுக்கு நிற்கவில்லை. வாசலில் கம்பெனி வேன் நின்றுகொண்டிருந்தது. டிரைவர் சின்னையன் அண்ணன் ஹாரனை அடித்துக்கொண்டிருந்தார். அக்கா ஒரு காலை வேன் படியில் வைத்திருந்தார்.

"அக்கா!"

"டிபன் பாக்ஸ் எடுத்துட்டேனே சங்கரி."

"அதில்லக்கா. சாரு... சாரு அந்தப் பிரிவ வுட்டு வந்துட்டாரு. எழுதிக் குட்த்துட்டாரு. ஓகே ஆயிடுச்சாம். நேத்து போன்ல சொல்லிகினு இருந்தாரு. நீங்க கையெழுத்துப் போடாதீங்கக்கா."

அக்கா காலை எடுக்கவில்லை. சின்னையன் அண்ணன் ஜன்னல் வழியாகத் தலையை நீட்டினார்.

"இன்னாமா, ரெண்டு பேரும் பார்லிமெண்டு நடத்திகினு கீறீங்க? சிறுசேரி சிக்னல்ல என் தாவு தீந்துடும். ஏறுறதா, எறங்குறதா?"

"நீங்க போங்க அண்ணா" என்றார் அக்கா.

மேலே சார் தோசைக் கல்லின் முன் நின்றுகொண்டிருந்தார். அக்கா செருப்பைக் கழற்றாமல் நேராகச் சமையலறைக்குள் போனார். அந்த வீட்டில் அவர்கள் இருவருக்கும் நடுவே ஆபீஸ் பேச்சு நடந்தது அன்றைக்குத்தான்.

"எப்ப சொல்றதா இருந்தீங்க?"

சார் முதலில் என்னைப் பார்த்தார். நான் தரையைப் பார்த்தேன்.

"பேப்பர் கைக்கு வந்ததும். இன்னும் ரெண்டு வாரம் இருக்கே."

"யாருக்கு ரெண்டு வாரம்? எனக்கு இன்னைக்கு மூணு மணி!"

சாரின் கையிலிருந்த தோசைத் திருப்பி அப்படியே நின்றது. "இன்னைக்கா? எங்களுக்கு மாசக் கடைசின்னாங்க. உங்களுக்கும் அதுதான்னு..."

"நான் போய் கையெழுத்துப் போட்டிருந்தா? நீங்களும் போயிட்டு, நானும் போயிட்டு! ரெண்டு பேரும் இங்க உக்காந்து கத்திரிக்கா வெல பேசிட்டு இருந்திருக்கலாம்!"

"வசு..."

"ஒன்பது பேர விட்டுட்டு வந்திருக்கீங்க. என்கிட்ட ஒரு வார்த்தை கேட்டீங்களா?"

"நீ கேட்டியா? மாறிக்கங்கன்னு ஒரு வார்த்தை? மனசுக்குள்ளயே முடிவு பண்ணிட்டல்ல?"

தோசை கருகியது. சார் அடுப்பை அணைத்தார்.

"என் சிப் வெளிய வந்துடுச்சு வசு. அத யார் வேணா பாத்துக்கலாம். உன்னுது இன்னும் வரல. ஏழு வாரம் இருக்கறப்ப நீ வெளிய வந்தா, அப்புறம் நான் இந்த வீட்டுல எப்படி சாப்பிடறது?"

"ஏழு வாரம்னு உங்களுக்கு யார் சொன்னா?"

"யாரும் சொல்லல. சிப் போறதுக்கு எத்தனை வாரம் முன்னாடி தூக்கம் கெடும்னு எனக்குத் தெரியும். நீ தூங்காத நாளை எண்ணினேன்."

அக்கா கையிலிருந்த டிபன் பையால் அவர் தோளில் ஓங்கி ஒன்று போட்டார். பிறகு அந்தத் தோளிலேயே நெற்றியை வைத்துக்கொண்டார். நான் கருகிய தோசையை எடுத்துக்கொண்டு பால்கனிக்குப் போனேன். காக்கைகூட அதைத் தொடவில்லை.

வேன் போய்விட்டதால் சார்தான் காரில் கூட்டிப்போனார். ஆனால் வாசல் வரைக்கும் போகவில்லை. எதிர் கம்பெனிக்காரர் வாசலில் இறக்கிவிட்டால் யார் கண்ணிலாவது படும் என்று, சிக்னலுக்கு முன்னாலேயே இறங்கிக்கொண்டு வெயிலில் நடந்து போனாராம் அக்கா. கணவர் பிரிவு மாறிவிட்டதற்கான கடிதத்தை இரண்டரை மணிக்கு வரவழைத்துக் கொடுத்தார். அந்த வக்கீல் அம்மா கடிதத்தின் தேதியைப் பார்த்துவிட்டு, "இதுகூட உங்களுக்கு இன்னைக்குத்தான் தெரியுமா?" என்று கேட்டாராம். ஆமாம் என்று அக்கா சொன்னதும் அவர் கண்ணாடியைக் கழற்றிவிட்டு, "சரி, இப்ப நம்பறேன்" என்றாராம்.

அதற்குப் பிறகு இரண்டு நாள் அக்கா சாரிடம் சரியாகப் பேசவில்லை. மூன்றாவது நாள் பேசினார். என்னிடம் அதைப் பற்றி ஒன்றும் சொல்லவில்லை. அந்த வாரக் கடைசியில் நான் கிளம்பும்போது மட்டும், "இனிமே இந்த மாதிரி எதாவது காதுல விழுந்தா லிப்ட்டுலயே வா. படியில ஓடாத" என்றார்.

சிப் தைவானுக்குப் போனது. அதற்கு இரண்டு நாள் முன்னால் அக்கா இன்னொரு தப்பு கண்டுபிடித்தார். அன்றைக்கு நாலு தோசை சாப்பிட்டார்.

டெல்லி அலுவலகத்துக்காரர்கள் அக்காவையும் வீடியோவில் கூப்பிட்டுக் கேட்டார்கள். உங்கள் சிப்பும் அவர்கள் சிப்பும் ஒரே கடையில் விற்கிற சரக்கா என்பதுதான் முக்கியமான கேள்வி. வேறு வேறு என்று சொன்னால் பணம் சீக்கிரம் வந்துவிடும், அப்படியே சொல்லவேண்டும் என்று அவருடைய முதலாளி விரும்பினார். அக்கா, "ஒரே சரக்குதான். எங்களுது வந்தா அவங்க வாடிக்கை கொஞ்சம் எங்ககிட்ட வரும். வரணும்னுதான் செய்யறோம்" என்று சொல்லிவிட்டு வந்தார். முதலாளி ஒரு வாரம் முகம் கொடுக்கவில்லையாம். பணம் வர நாலு மாதம் தாமதமானது. அதில் இரண்டு மாதம் எல்லாருக்கும் பாதிச் சம்பளம். வேனில் இருந்த சிலர் அக்கா பக்கத்தில் உட்காரவில்லை என்று சின்னையன் அண்ணன் என்னிடம் சொன்னார். அக்கா சொல்லவில்லை.

கடைசியில் நிபந்தனையோடு அனுமதி கிடைத்தது. பெரிய கம்பெனி பங்கு வைத்துக்கொள்ளலாம். ஆனால் நிர்வாகக் குழுவில் ஆள் போடக்கூடாது, வரைபடங்களைப் பார்க்கக்கூடாது, எதைச் செய், எதை நிறுத்து என்று சொல்லக்கூடாது. இது மூன்று வருடத்துக்கு.

முதல் சிப் தைவானிலிருந்து வந்து பார்த்ததில் இரண்டு குறை இருந்தது. திருத்தி மறுபடியும் அனுப்பியிருக்கிறார்கள், தை மாதம் வரும். கோயம்புத்தூர்க்காரர்கள் இன்னும் காத்திருக்கிறார்கள். சாருக்குக் கீழே இப்போது ஆள் யாரும் இல்லை. வாரத்தில் இரண்டு நாள் கல்லூரிகளுக்குப் போய்ப் பாடம் எடுக்கிறார். அக்காவின் பிரிவில் இதுவரை ஆள் குறையவில்லை, பதினோரு பேர் இருக்கிறார்கள், அக்காவும் அதில் இருக்கிறார். மூன்று வருடம் முடிந்தபின் பெரிய கம்பெனி என்ன செய்யும் என்று இரண்டு பேருக்குமே தெரியாது.